சிவப்பு ஒயர் உன்னிடம், கருப்பு ஒயர் என்னிடம்

பங்காளி,

இன்று காலை கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் என் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தேன். கருகிய ரப்பர் நெடி முகத்தில் அடித்தது. இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கருப்பு ஒயரை விட்டு நெடி போகவில்லை. சிலருக்கு இறந்துபோனவர்களை விபூதியின் மணமோ வெற்றிலையின் மணமோ நினைவுபடுத்தும். உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நீ எனக்குக் கருகிய ஒயராகத்தான் ஞாபகத்துக்கு வருகிறாய். மேற்கிலிருந்து காற்றடிக்கும் நாட்களில் கோழிப்பண்ணையாகவும் வருகிறாய்.

செத்துப்போய்விட்டாய் என்பதற்காக உன்னைப் புகழ்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. உன் காரியத்தன்று பந்தலில் ஆளாளுக்குப் பேசினார்கள். "ஒருத்தரு மனசு நோவ ஒரு வார்த்தை பேசியிருப்பாருங்களா?" என்றார் ஒருவர். வேறு யாருடைய காரியத்துக்காவது வந்து உட்கார்ந்துவிட்டேனோ என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

என் அப்பாவும் உன் அப்பாவும் அண்ணன் தம்பி. காடு பாகம் பிரித்தபோது மேற்கு உங்களுக்கு, கிழக்கு எங்களுக்கு. இரண்டு பேருமே படித்தோம். நான் இயற்பியல் படித்து வாத்தியாரானேன். நீ இன்ஜினீயரிங் படித்து, கம்பெனி வேலைக்குப் போய், மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்து கோழிப்பண்ணை வைத்தாய். பண்ணை வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அத்தனை பெரிய காட்டில், சரியாக என் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வைத்தாயே, அதில்தான் வருத்தம். உன் வேலி வருஷத்துக்கு ஒரு சாண் கிழக்கே நகர்ந்து வந்தது. கேட்டால், "மழையில மண்ணு சரியுது பங்காளி, நான் என்ன பண்ணட்டும்?" என்பாய். மண் சரிந்தால் வேலி மேட்டை நோக்கி நகருமா என்று ஒரு இன்ஜினீயரிடம் நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

அதையெல்லாம்கூடப் பொறுத்தேன். உன் மகள் கல்யாணப் பத்திரிகையைத்தான் பொறுக்க முடியவில்லை. தாயாதி வரிசையில் என் பெயரை மட்டும் மொட்டையாகப் போட்டிருந்தாய். எம்.எஸ்சி., எம்.ஃபில். படித்தவன் நான். கல்லூரிப் பக்கமே போகாத உன் மச்சான் பெயருக்குப் பின்னால்கூட ஏதோ இரண்டு எழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. "இடம் பத்தலீன்னு அச்சாபீஸ்காரன் வுட்டுட்டான்" என்றாய். அதே பத்திரிகையில் உன் பண்ணையின் பெயருக்கும், அதற்கு மேலே ஒரு சேவல் படத்துக்கும் இடம் பத்தியிருந்தது. அன்றோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன்.

நாம் இரண்டு பேரும் நிம்மதியாகத்தான் இருந்தோம். அம்மாவால்தான் இருக்க முடியவில்லை. உன் அம்மா போன பிறகு உனக்கும் சேர்த்து அவள்தானே அம்மா? ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு குலசாமிக்குக் கெடா புடிக்கோணும். அப்பிடீன்னு வேண்டிக்கிட்டேன். இல்லீன்னா நாஞ் செத்தா ஒருத்தந்தான் தோளு குடுப்பான். நான் ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டே சுடுகாட்டுக்குப் போவோணும்."

அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சரி என்றேன். நீயும் சரி என்று சொல்லி அனுப்பினாய்.

நம் குலசாமி கிடாயை மட்டும் பார்க்கிற சாமி இல்லையே. பிடித்திருப்பவன் மனசையும் பார்க்கும். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடாய் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் உத்தரவு. சிலுப்பவில்லை என்றால் பிடித்தவர்களில் எவன் மனசிலோ கசப்பு இருக்கிறது என்று அர்த்தம். கிடாயை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். என் மனசு எனக்குத் தெரியும். பல வருஷம் பாடுபட்டு வளர்த்த கசப்பை ஒரு வெள்ளிக்கிழமைக்காக எங்கே கொண்டு போய் இறக்கி வைப்பது? கிடாய் சிலுப்பாது, அம்மா உடைந்துவிடுவாள் என்ற பயத்தோடுதான் அன்று விடிகாலையில் காரை எடுத்தேன்.

ஒரே வண்டியில் போகலாம் என்று நீ சொன்னாயாம். உன் ஜீப்பில் ஏறுவதைவிட நான் நடந்தே போவேன் என்று சொல்லி அனுப்பினேன். எனவே அம்மா, கிடாய், தீர்த்தக் குடம், பொங்கல் பானை எல்லாம் உன் ஜீப்பில் முன்னால் போக, நான் என் காரில் தனியாக உன் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் வந்தேன். சேந்தமங்கலம் தாண்டி, மலையடிவாரத்தில் தார் ரோடு முடிந்து, கரட்டுக்குள் கல்லுத் தடம் தொடங்கியது. சொந்தபந்தமெல்லாம் முந்தின நாளே கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

தடத்தில் கொஞ்ச தூரம் போனதும் 'டமார்' என்றது. உன் ஜீப் எருமை படுப்பதுபோலப் பின்பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்தது.

"என்ன சாமி, பூமி எறங்குது?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. கிடாய் அதுதான் சமயமென்று பூஜைத் தட்டிலிருந்த வெற்றிலையைத் தின்றது.

நீ அடியில் படுத்துப் பார்த்தாய். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் பிராக்கெட் வெல்டு விட்டுத் தொங்கியது. போனில் சிக்னல் இல்லை. கோயில் இன்னும் வெகுதூரம். அம்மாவின் முழங்காலுக்கு அது காசி. என் காரில் ஏற்றிக்கொண்டு போகலாமென்றால், எதிரே கிடந்த கற்களைத் தாண்டினால் கார் அடிவயிறு கிழிந்துவிடும். போதாததற்கு உன் ஜீப் தடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. தடத்தை அடைப்பது உனக்குப் புதிதில்லை என்று நான் அம்மாவிடம் சொன்னேன், உனக்குக் கேட்கும்படி.

"வெல்டு வெச்சிருவோம்" என்றாய் நீ. பத்திரிகைக்குப் பிறகு என்னைப் பார்த்து நீ சொன்ன முதல் வார்த்தை அது.

"கரண்டுக்கு எங்கே போவது?" என்று கேட்டேன்.

நீ என் காரின் பானெட்டைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நம் வேலியை அப்படித்தான் பார்ப்பாய்.

கோழிக் கூண்டுக்கு ஒட்டுப் போடுவதற்காக ஜீப்பில் நீ எப்போதும் வெல்டிங் ராடு வைத்திருப்பாய். சதுரமான ஒரு கருப்புக் கண்ணாடியும் இருந்தது. என் டிக்கியில், அடுத்த வண்டியிலிருந்து கரண்டு எடுத்துக் காரைக் கிளப்புகிற ஜம்பர் ஒயர் கவர் பிரிக்காமல் இருந்தது, சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று. இரண்டு வண்டிகளின் பேட்டரியையும் கழற்றி ஒரு வேலமரத்தடியில் வைத்தோம். மூடிகளைத் திறந்து, வாயு தங்கி வெடித்துவிடாமல் இருக்க மேலே ஈரச் சாக்கைப் போட்டோம். அதுவரை சண்டை இல்லை. பிறகு நீ இரண்டு பிளஸ்ஸையும் ஒன்றாகச் சேர்க்கப் போனாய்.

"நிறுத்து. பிளஸ்ஸும் பிளஸ்ஸும் சேர்ந்தால் வோல்ட் ஏறாது."

"பவர் ஏறுமில்ல?"

"உன்னுடைய பிளஸ்ஸில் என்னுடைய மைனஸைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நான்கு. நீ எந்தக் காலேஜில் இன்ஜினீயரிங் படித்தாய்?"

"வாத்தியாரு சொன்னாச் செரி" என்றாய், அந்தக் குரலில். அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"எது எதோட சேரோணுமோ சேத்துங்க சாமி. வெயிலு ஏறுது" என்றாள் அம்மா.

உன் ஜீப்பின் எர்த் ஒயரைக் கழற்றி இரண்டு பேட்டரிக்கும் நடுவில் பாலம் போட்டேன். கருப்பு ஒயரின் கிளிப்பைச் சேஸிஸில் கவ்வ விட்டேன். சிவப்பு ஒயரின் கிளிப்பில் ராடைக் கவ்வ வைத்து, நீ கையில் பிடித்துக்கொண்டாய். பிராக்கெட்டை இடத்தில் அழுத்திப் பிடிப்பது என் வேலை. கருப்புக் கண்ணாடி ஒன்றுதான். அது உன் முகத்துக்கு.

"கண்ண மூடிக்க பங்காளி. பாத்துராத" என்றாய்.

நான் மூடவில்லை. மூடினால் நீ என்ன செய்வாய் என்று யாருக்குத் தெரியும்? நான் கண்மூடித் தூங்கிய இரவுகளில்தானே வேலி நகர்ந்தது! பக்கத்தில் நின்று, நீ ஒழுங்காகப் பற்ற வைக்கிறாயா என்று ஒவ்வொரு பொறியையும் மேற்பார்வை பார்த்தேன்.

முதல் ராடு ஒட்டிக்கொண்டு சிவக்க ஆரம்பித்தது.

"ஒட்டிக்கிச்சு பங்காளி!"

"பிடுங்கு! பிடுங்கு! என் பேட்டரி போகுது!"

"உன்னுது மட்டுமா போவுது? என்னுதுந்தா போவுது!"

"இரண்டும் ஒரே அளவுதான் போகும், முதலில் பிடுங்கு!"

பிடுங்கினாய். அடுத்த ராடில் ஒளி நின்றது. நீல வெள்ளையாக, கண்ணைக் குத்துகிற ஒளி. கிடாய் கத்தியது. அம்மா ஜீப்புக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டாள். ஒரு ராடு தீர்ந்தால் பேட்டரியைக் கொஞ்சம் ஆறவிட்டு அடுத்தது. கடைசியில் சிவப்பு ஒயரின் கிளிப் பாதி உருகிக் கருகியது. கருப்பு ஒயரின் ரப்பர் புகைந்தது. நீ கண்ணாடியை இறக்கினாய். நான் கசடைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

"கோழி எச்சம் மாதிரி இருக்கிறது" என்றேன்.

"கோழி எச்சத்துல தாம் பங்காளி என் ஊடே நிக்குது" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நீ அதைப் பார்த்துவிட்டாய் என்று நினைக்கிறேன். உடனே சூட்டை ஆற்றுவதற்காகத் தீர்த்தக் குடத்தைத் தூக்கினாய். "ஊற்றாதே, வெல்டு விரிசல் விடும்" என்று நான் கத்த, "சாமிக்கு வெச்ச தண்ணிடா" என்று அம்மா குடத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்ள, பழையபடி எல்லோரும் இயல்புக்குத் திரும்பினோம்.

பேட்டரிகளை வண்டிகளில் திரும்ப மாட்டியபோது இரண்டிலும் உயிரில்லை. ஜீப்பைச் சரிவில் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. தள்ளியது நான். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்றது நீ. என் காரை அந்த வேலமரத்தடியிலேயே விட்டுவிட்டு, நான் உன் ஜீப்பில் ஏற வேண்டியதாயிற்று. கிடாயின் பின்னங்கால்கள் என் மடியில் இருந்தன. அம்மா என்னையும் பார்த்தாள், உன்னையும் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெல்டு தாங்கியது. அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். அதில் பாதி என் இணைப்பு.

கோயிலில் நமக்கு முன்னால் நிறையக் குடும்பங்கள், நிறையக் கிடாய்கள். நம் முறை வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்தோம். பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடாய் தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி யாரையும் பார்க்காமல் நின்றது. மறுபடி தெளித்தார். காலையில் தின்ற வெற்றிலையை அசை போட்டது. மேளம் வேகமெடுத்தது. சொந்தக்காரர்கள் கூட்டம் நெருங்கி வந்தது.

பூசாரி கிடாயைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்தார். "ஆரு மனசுலயோ ஏதோ இருக்குதுங்க" என்றார். கூட்டம் மொத்தமும், ஒருத்தர் விடாமல், என்னைப் பார்த்தது. உன்னை ஒருவரும் பார்க்கவில்லை. இதையும் நான் மறக்கவில்லை.

அம்மா இரண்டு கையையும் கூப்பி, கிடாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் என் கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. ஒரு கண்ணில் முதலில், பிறகு இரண்டிலும். வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணால் பார்த்தால் சில மணி நேரம் கழித்துத்தான் அது வேலையைக் காட்டும். இமையைத் திறக்க முடியவில்லை. தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. கை இரண்டும் கயிற்றில் இருந்ததால் துடைக்கவும் வழியில்லை.

"அழுவறாருங்க!" என்று ஒரு குரல் கேட்டது. "வாத்தியாரு அழுவறாருங்க!"

"வெல்டிங்" என்றேன். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. "வெல்டிங்! வெல்டிங்!" என்று கத்தினேன்.

கேட்கும் தூரத்தில் நின்றவன் நீ ஒருவன்தான். ஆர்க் அடித்த கண் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாததா? நீ என்ன செய்தாய்? கயிற்றை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையை என் தோளில் போட்டு, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாய்: "போதும் பங்காளி, அழுவாத. பழசையெல்லாம் வுடு."

அந்த நொடியில் கிடாய் தலையிலிருந்து வால் வரை சிலுப்பியது.

காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பும். அதை விளக்க நான் தயாராக இருந்தேன். ஆனால் அம்மா அதற்குள் நம் இரண்டு பேர் கழுத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். அன்று பந்தியில் உட்கார்ந்து இலை காலியாகும்வரை சாப்பிட்டாள். கண் திறக்க முடியாத எனக்கு நீ பக்கத்தில் உட்கார்ந்து, எது சோறு எது கறி என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எலும்பையெல்லாம் என் பக்கம் தள்ளினாய் என்று எனக்குச் சந்தேகம்.

அதன் பிறகு இராசிபுரம் சந்தை வரைக்கும் பேச்சு பரவியது. நான் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். கண் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்துப் புட்டியைக்கூடக் காட்டினேன். "அழுதா என்னங்க, ஆம்பளன்னா அழுவக் கூடாதுங்களா?" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். உன்னிடம் நேரிலேயே கேட்டேன்: "நீயாவது உண்மையைச் சொல்லக் கூடாதா?"

"நான் கண்ணாடி புடிச்சிருந்தேம் பங்காளி. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாய்.

ஒயர் விவகாரத்துக்கு வருகிறேன். மறுநாள் என் கண் திறந்த பிறகு வேலமரத்தடிக்குப் போய், உன் ஜீப்பிலிருந்து ஒயர் போட்டு என் காரைக் கிளப்பினோம். உருகிய கிளிப்பை நீ குறட்டால் பிடித்துக்கொண்டு நின்றாய். கிளம்பியதும், "கிளிப்பு கருகிப் போச்சு. மாத்திக் கொண்டாந்து தாரேன்" என்று சிவப்பு ஒயரைச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டாய். கருப்பு என்னிடம் தங்கியது. காட்டைப் பிரித்த மாதிரி ஒயரையும் பாகம் பிரித்தாயிற்று. ஒற்றை ஒயரை வைத்துக்கொண்டு எவனும் எந்த வண்டியையும் கிளப்ப முடியாது.

என் பேட்டரி அன்றிலிருந்து தேறவே இல்லை. குளிர் விழுந்த காலைகளில் படுத்துவிடும். வேறு வழியில்லாமல் உனக்குப் போன் செய்வேன். நீ லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஜீப்பை என் காருக்கு மூக்கோடு மூக்காக நிறுத்தி, சிவப்பு ஒயரை எடுத்துக்கொண்டு இறங்குவாய். என் கருப்பு, உன் சிவப்பு. கார் கிளம்பியதும் ஒயரைத் திருப்பிக் கொடு என்பேன். "கிளிப்பு மாத்திட்டு நாளைக்குக் கொண்டாரேன்" என்பாய். பிறகு அம்மாவோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, வேலியைப் பற்றி என்னோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு, ஒரு அட்டை முட்டையை வைத்துவிட்டுப் போவாய். எனக்குக் கல்லூரிக்கு எப்போதும் தாமதமாகும்.

"புது பேட்டரி ஒண்ணு வாங்கிப் போட்டா என்னங்க?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பேட்டரியைக் கெடுத்தவன் அவன், நான் எதற்கு வாங்க வேண்டும் என்பேன். அது நியாயமான பதில்தான்.

நெஞ்சு வலி என்று போன மாசம் உன்னைச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தது நீ இல்லை. "எனக்குத் தோளு குடுக்கச் சொன்னா, முந்திக்கிட்டானே" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். உன் பாடைக்கு நான் தோள் கொடுத்தேன். மறுபக்கம் உன் மருமகன். அவன் நல்ல உயரம், நான் குட்டை. சுடுகாடு வரைக்கும் நீ என் பக்கமே சாய்ந்துகொண்டு வந்தாய். போகும்போதும் எல்லை தாண்டித்தான் போனாய்.

என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. யாரும் தப்பாக நினைக்கவில்லை. "அவரு அன்னிக்கே கோயல்ல அழுது தீத்துட்டாருங்க" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

காரியம் முடிந்த பிறகு உன் மருமகன் ஜீப்பை விற்றுவிட்டான். விற்பதற்கு முன் உன் மனைவி சிவப்பு ஒயரைக் கொண்டு வந்து கொடுத்தாள். கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். உள்ளே பித்தளைக் கிளிப், புத்தம் புதுசு. பிரிக்கவே இல்லை.

"கோயலுக்குப் போயிட்டு வந்த வாரமே வாங்கிட்டாருங்க" என்றாள். "மாட்டிக் குடுத்தர வேண்டீதுதானேன்னு கேட்டா, 'வாத்தியாரு அப்பறம் எதுக்குக் கூப்புடுவான்'னு சிரிப்பாரு."

அதனால் இன்று காலை, இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக, என் இரண்டு ஒயரும் என் கையில் இருந்தன. பானெட்டைத் திறந்தேன். கருப்பை மாட்டினேன், சிவப்பை மாட்டினேன். மறுமுனை இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, உன் ஜீப் எப்போதும் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

மனைவி வாசலுக்கு வந்தாள். "ஏனுங்க, கண்ணு ஏன் இப்பிடிச் செவந்து கெடக்குது?"

"வெல்டிங்" என்றேன்.

அவள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.